அரை லெசோ

இது நான் நேரில் பார்த்ததல்ல. மொம்பாசாவில் எங்கள் தெருமுனை மெத்தைக் கடைக்காரர் சொன்னது. அவர் சிரிப்பை மட்டும் கழித்துவிட்டு, மற்றதை அப்படியே சொல்கிறேன்.

அத்மானுக்கு ஊசி என்றால் ஆகாது. தனக்குப் போட்டாலும் ஆகாது, அடுத்தவருக்குப் போடுவதைப் பார்த்தாலும் ஆகாது. பத்து மாத மகள் ரெஹெமாவுக்குத் தட்டம்மை ஊசி போட வேண்டும் என்றதும் ஆளே ஆடிப்போனான். அடுத்த தெருவில் நான்கு பிள்ளைகள் தட்டம்மையில் படுத்திருந்தார்கள். "அது அடுத்த தெருதானே!" என்றான்.

வெள்ளிக்கிழமை மருந்தகத்தில் ஊசி முகாம். அதற்குள் தெருவையே தன் பக்கம் திருப்புவதென்று சபதம் எடுத்தான். மீம் போடுவதில் அவனை மிஞ்ச அங்கே ஆளில்லை.

புதன்கிழமை ரெஹெமா மாம்பழம் சப்பிக்கொண்டிருந்தாள். வெடுக்கென்று பிடுங்கினான். வீடே அதிர அழுதாள்.

"மிஷி, சீக்கிரம் ஒரு போட்டோ எடு!"

"பிள்ளை அழுவுது, உங்களுக்குப் போட்டோ கேக்குதா?" என்றபடியே மனைவி எடுத்தாள்.

படத்தில் பழம் பிடித்த தன் கையை வெட்டி எறிந்தான். பக்கத்தில் தென்னைமர உயரத்துக்கு ஓர் ஊசியை நட்டான். சுற்றிலும் லெசோக் கரை. பெண்கள் இடுப்பில் சுற்றும் லெசோத் துணியில், படத்துக்குக் கீழே ஒரு வரி இருக்குமே, அதற்கு எங்கள் ஊரில் தனி மரியாதை. அவனும் ஒரு வரி எழுதினான்: "இந்த முகத்தைப் பார்த்த பிறகுமா ஊசி?"

தெரு வாட்ஸப் குழுவில் கண்ணீர்ப் பொம்மைகள் கொட்டின. ஒன்பது தாய்மார்கள் "நாங்க வரலை" என்று எழுதினார்கள்.

"பாத்தியா மிஷி? ஒரு படம், ஒரு வரி. தெருவே என் பையில!"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா லெசோவை யாராச்சும் ஒத்தையா வாங்குவாங்களா, ரெஹெமா அப்பா? ஜோடியாத்தானே வரும்?"

"அதுக்கென்ன இப்போ?"

"ரெண்டாவதை நான் போட்டுட்டேன்."

பதறிப்போய்க் குழுவைத் திறந்தான். அதே கரை, அதே அழுகை. ஆனால் வெட்டாத படம். மாம்பழமும், அதைப் பிடித்த அவன் கையும், மோதிரம் உட்பட. கீழே: "பழத்தைக் குடுங்க அப்பா!"

சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல்: "அத்மான், எம் பையன் வாழைப்பழம் வச்சிருக்கான். ஒளிச்சு வைக்கவா?"

"இனி எந்த முகத்தோட வெளிய போறது?" என்று தலையில் கைவைத்தான்.

"வெள்ளிக்கிழமை பிள்ளையைத் தூக்கிட்டு முன்னாடி நடங்க. சிரிச்ச வாயெல்லாம் மூடிக்கும்."

நடந்தான். மீம் போட்டவனே போகிறான் என்று அந்த ஒன்பது தாய்மார்களும் பின்னால் நடந்தார்கள். மருந்தகத்தில் கண்ணை இறுக மூடி மகளை நீட்டினான். செவிலி அட்டையைப் பார்த்தாள்.

"இவளுக்குத்தான் போட்டாச்சே!"

அத்மான் திரும்பி மிஷியைப் பார்த்தான்.

"மத்த பிள்ளைங்களுக்குப் போடலையே," என்றாள் அவள்.

எனக்கு நம்பிக்கை வராமல், பிறகு மிஷியிடமே அந்த அட்டையை வாங்கிப் பார்த்தேன். ரெஹெமாவுக்கு ஊசி போட்டது செவ்வாய்க்கிழமை. அத்மான் மாம்பழத்தைப் பிடுங்கியதற்கு முதல் நாள்.