அப்பாவுக்குப் படைத்த காலிஃபிளவர்

பூசான் எலும்பு மருத்துவமனை ஐந்தாம் மாடியில் முட்டியை நீட்டிப் படுத்திருக்கும் மதிப்பிற்குரிய அண்ணிக்கு, தேகுவிலிருந்து கொழுந்தன் சங்பில் தலை தாழ்த்தி எழுதுவது.

நலம் விசாரிப்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வியாழக்கிழமை அப்பாவின் திதியில் நான் அவருக்குச் சோறு படைக்கவில்லை. காலிஃபிளவரைத் துருவிப் படைத்தேன். சொல்லியாயிற்று. இனி விசாரிக்கலாம். முட்டி மடங்குகிறதா? அண்ணன் துணையாளுக்கான அந்த ஒண்டிக் கட்டிலில் உங்கள் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டு அறையில் இருக்கும் மற்ற ஐந்து பேரின் சாபத்தையும் வாங்கிக்கொண்டிருக்கிறாரா? இங்கே கிங்கோ மரங்கள் பழுத்து நடைபாதை முழுக்க நாறுகிறது. நாங்கள் சுகம்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் போனை ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவீர்கள், ஐந்தாம் மாடியே கேட்கும். அதோடு சித்தப்பா தன் காது மிஷினுக்குப் புது பேட்டரி வாங்கியதும் உங்களுக்குப் போன் செய்யப்போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பேட்டரியை முந்திக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

ஆடி மாதத்து வெயிலில் ஆரம்பித்த விவகாரம் இது. டாக்டர் என் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "உங்கப்பாவுக்கு என்ன இருந்துச்சு?" என்றார். சர்க்கரை என்றேன். "அப்ப பங்கு பிரிச்சாச்சு" என்றார். மூன்று மாதச் சராசரி எட்டு புள்ளி இரண்டு, இறங்காவிட்டால் ஊசிதான். அண்ணி, நான் ஊசியைப் பார்த்தால் மயங்கி விழுகிற ஆள் என்பது உங்களுக்குத் தெரியும். தடுப்பூசி முகாமில் என்னைத் தூக்கிக்கொண்டு வந்தவரே நீங்கள்தான். ஆகவே சோறு, மாவு எதையும் தொடாத கீட்டோ பத்தியத்தில் சேர்ந்தேன். சேர்ந்தேன் என்றால் சும்மா இல்லை, கைப்பேசியில் 'சோறில்லா வீடு' என்று இருநூறு பேர் கொண்ட ஒரு சமையல் குழுவில். காலையில் எழுந்தால் எல்லோரும் தத்தம் தட்டைப் படம் பிடித்துப் போடுவார்கள். தலைவிக்கு வெண்ணெய் ராணி என்று பெயர். அந்தம்மா அங்காடியின் அடித்தளத்தில் காரை நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டு கப் நூடுல்ஸ் சாப்பிடுவதைப் பார்த்ததாக ஒரு உறுப்பினர் என்னிடம் தனியாகச் சொன்னார். அவர் அந்த அடித்தளத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் குறை சொல்லக் கூடாது, நல்ல விஷயங்களும் கற்றேன். டோஃபுவைத் துணியில் கட்டி ஒரு மணி நேரம் கல் வைத்து அழுத்தி, உதிர்த்து, எள்ளெண்ணெயில் வதக்கினால் பொரித்த சோறு மாதிரியே இருக்கும், கண்ணை மூடிக்கொண்டால். சுரைக்காய் பஜ்ஜிக்குக் கோதுமை மாவு வேண்டாம், பாதாம் மாவில் புரட்டி முட்டையில் தோய்த்தால் போதும். இது கண்ணைத் திறந்துகொண்டாலும் நன்றாக இருக்கும். கிம்பாப்பில்தான் அடிபட்டேன். சோற்றுக்குப் பதிலாக முட்டையை மெல்லிய தோசையாக ஊற்றி நூல் மாதிரி வெட்டிக் கடற்பாசித் தாளுக்குள் வைத்துச் சுருட்ட வேண்டும். செய்து அலுவலக மலையேற்றத்துக்கு எடுத்துப்போனேன். உச்சியில் எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறந்தால் சுருள் எதுவும் இல்லை, காற்றில் பறக்கும் கடற்பாசியும் முட்டை நூலும்தான். எங்கள் மேலாளர் பாங் பார்த்துவிட்டு, "சங்பில், சோத்தை நீ சாப்பாடுன்னு நெனச்சிட்ட. அது பசைப்பா" என்றார். ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். இருந்தாலும் சராசரி ஏழுக்கு இறங்கியது. இடுப்பு வாரில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டேன். வீட்டில் இருந்த அரிசி மூட்டையை வாசல் காவலாளிக்கு, ஏதோ ராஜ்யத்தைத் துறப்பவன் மாதிரி, இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தேன்.

இந்த நிலைமையில்தான் உங்கள் போன் வந்தது. இருபத்தைந்து வருஷம் இந்தக் குடும்பத்துப் படையலையெல்லாம் நின்று சமைத்த முட்டி வெட்டுக்குப் போகிறது, இந்த வருஷம் மாமாவின் திதியை நீங்கள் எடுத்துச் செய்யுங்கள் என்றீர்கள். நான் மீன் எந்தப் பக்கம், பழம் எந்தப் பக்கம் என்று காகிதம் பேனாவோடு உட்கார்ந்தேன். நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்று: "மத்ததெல்லாம் எப்படி வேணா வையுங்க தம்பி. சோறு மட்டும் கிண்ணத்துக்கு மேல குவியற மாதிரி வையுங்க." ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சரி சரி என்றேன்.

கும்ஹி திதியன்று காலையே என்னைத் தடுத்தாள் என்பதை அவள் பொருட்டு இங்கே எழுதிவைக்கிறேன்.

"என்னங்க, மாமாவுக்குமா காலிஃபிளவர்?"

"வீட்ல அரிசி இல்லையே."

"வாங்கினா வரும்."

"படைச்சதை நாமதானே சாப்பிடணும், கும்ஹி. அப்பா பேரைச் சொல்லி ஒரு சட்டி சோறு வீட்டுக்குள்ள வந்துட்டா, எனக்கு யாரு காவல்?"

"காவல் வேணும்னா வெண்ணெய் ராணியைக் கூப்பிடுங்க. நீங்களே வைங்க, நீங்களே பதில் சொல்லிக்குங்க. நான் மாமா படத்துப் பக்கமே திரும்ப மாட்டேன்."

உண்மையான காரணத்தை அவளிடமும் நான் சொல்லவில்லை. மாவுச்சத்து இல்லாத முதல் படையல் என்று குழுவில் படம் போட்டுப் பேர் வாங்க ஆசைப்பட்டேன். ஐம்பத்து மூன்று வயதில், அண்ணி. செத்துப்போன அப்பாவை வைத்து.

சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லாம் தயார். சித்தப்பா ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து, படையல் மேசையை ஒரு சுற்றுப் பார்த்து, பாதாம் மாவு பஜ்ஜியைப் பார்த்துத் தலையைக்கூட ஆட்டினார். அரிசிக் கேக் எங்கே என்றார், கடை லீவு என்றேன். காலிஃபிளவரை நான் நன்றாகத்தான் செய்திருந்தேன்: துருவி, பிழிந்து, வெறும் சட்டியில் ஈரம் போக வதக்கி, பித்தளைக் கிண்ணத்தில் அழுத்திக் குவித்து மூடி போட்டிருந்தேன். பார்த்தால் புது அரிசிச் சோறு. கும்பிட்டோம், மது ஊற்றினோம். நான் மூடியைத் திறந்து, அவர் சாப்பிடத் தொடங்கட்டும் என்று அப்பாவின் கரண்டியைச் சோற்றின் நடுவில் நட்டேன்.

கரண்டி சாய்ந்தது.

மறுபடி நட்டேன். மெதுவாக, யோசித்து விழுவது போல, இடது பக்கம் சாய்ந்து மேசையில் ணங்கென்றது. கும்ஹி சொன்னபடியே சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். சித்தப்பா என்னை விலக்கிவிட்டுத் தானே இரண்டு கையாலும் நட்டார். கரண்டி அவர் கை விட்டதும் நேராக மீன் தலைமேல் போய்ப் படுத்தது. எழுபத்தெட்டு வயதில் அவர் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. முகம் வெளுத்துவிட்டது. அப்படியே பாயில் முட்டி போட்டு, அப்பாவின் படத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"அண்ணே, சாப்பிட மாட்டேங்கிற. எனக்குத் தெரியும் ஏன்னு. ஆஸ்பத்திரியில நீ கேட்ட. சுடச்சுட ஒரு கிண்ணம் வெள்ளைச் சோறு வாங்கிட்டு வாடான்னு கேட்ட. டாக்டர் திட்டுவாருன்னு நான் வாங்கித் தரல. நாளைக்குன்னு சொன்னேன். நாளைக்கு நீ இல்ல. எட்டு வருஷமா ஒண்ணும் சொல்லாம சாப்பிட்டுட்டு, இன்னிக்கு ஏண்ணே?"

அப்போதுதான், அண்ணி, நீங்கள் நினைவுக்கு வந்தீர்கள். அப்பாவின் கடைசி இரண்டு வருஷம் அவருக்குச் சோறு அளந்து போட்டது நீங்கள். அந்தச் சின்ன டீக் கிண்ணத்தால் வேளைக்கு ஒன்று. அவர் பிச்சைக்காரனுக்குப் போடுகிறாயா என்று கத்துவார், நீங்கள் கிண்ணத்தைத் தட்டிச் சமன் செய்வீர்கள். நாங்கள் இரண்டு மகன்களும் அந்த நேரத்தில் டிவியைப் பார்ப்போம். அவர் போன பிறகு ஒவ்வொரு திதிக்கும் நீங்கள் கிண்ணம் வழிய, கோபுரம் மாதிரி குவித்து வைத்தீர்கள். அண்ணனும் நானும் 'அண்ணிக்கு அளவே தெரியாது' என்று கேலி பண்ணியிருக்கிறோம். அளவு தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான் என்பது எனக்கு மீன் தலைமேல் கிடந்த கரண்டியைப் பார்க்கும்போதுதான் உறைத்தது.

"சித்தப்பா," என்றேன், "அப்பாவுக்குக் கோவம் இல்ல. அது சோறு இல்ல."

"பின்ன?"

"காலிஃபிளவர்."

அவர் எழுந்து கிண்ணத்துக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனார். ஒரு பருக்கையை, பருக்கை என்று சொன்னால், எடுத்து நசுக்கிப் பார்த்தார்.

"எதுக்குடா?"

"மாவுச்சத்து... சர்க்கரை ஏறும்னு..."

சித்தப்பா விரலைத் துடைத்துக்கொண்டார். "உங்கப்பனுக்கு இனிமே சர்க்கரை ஏறினா யாருக்குடா என்ன?" என்றார்.

சுவர்ப் பக்கம் நின்ற கும்ஹியின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை.

வீட்டில் ஒரு மணி அரிசி கிடையாது. இருந்திருந்தாலும் வேகும்வரை அப்பாவைக் காக்கவைக்க முடியாது. கறுப்புக் கோட்டு, காலில் குளியலறைச் செருப்பு, அப்படியே கீழே இருக்கும் கடைக்கு ஓடினேன். அலமாரியில் கைக்கு வந்த மூன்று டப்பா வெந்த சோற்றை எடுத்து, அங்கேயே மைக்ரோவேவ் அடுப்பில் இரண்டிரண்டு நிமிஷம் சுட வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மின்தூக்கியில் ஏறினேன். நெஞ்சு சுட்டது. மூன்று டப்பாவையும் கிண்ணத்தில் கொட்டி, உங்கள் கோபுரம் அளவுக்குக் குவித்தேன். கரண்டியை நட்டேன். நின்றது. சித்தப்பா ஆவியை ஒருமுறை முகர்ந்து, "இதுதாண்டா சோறு" என்றார்.

பிறகு அப்பா தனியாகச் சாப்பிடட்டும் என்று நாங்கள் மூவரும் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். ஒன்பது வாய் சாப்பிடும் நேரம்தான் கணக்கு. நான் குளிரில் மனசுக்குள் எண்ணி முடித்து, உள்ளே வருகிறோம் என்பதற்கு அடையாளமாக இருமப்போனேன். சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இரு. அண்ணன் மெதுவாத்தான் சாப்பிடுவாரு." இன்னும் ஒன்பது வாய். அப்புறம் இன்னும் ஒன்பது. குவித்து வைத்த ஒரு கிண்ணம் முழுக்கக் காலியாக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றோம்.

உள்ளே வந்து அந்தச் சோற்றைப் பங்கிட்டோம். சித்தப்பா கண்ணை மூடி மென்றார். நானும் மூன்று மாதம் கழித்து நாலு வாய் சாப்பிட்டேன், இனிப்பாக இருந்தது. ஊசியே போட்டாலும் போடட்டும் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் பயந்து பயந்து விரலைக் குத்திப் பார்த்தால் நூற்றுப் பத்து, அண்ணி. ஏறவே இல்லை. அப்பா தாங்கிக்கொண்டார் என்று கும்ஹியிடம் சொன்னேன். அவளும் படத்துப் பக்கம் திரும்பி ஒரு தடவை கும்பிட்டாள்.

இனி நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நீங்கள் ஒப்படைத்த முதல் வருஷமே சொதப்பிவிட்டேன். படையலைத் திரும்ப வாங்கிக்கொள்வதானால் அது நியாயம்தான். ஆனால் வாங்கிக்கொள்ள வேண்டாம். என் தட்டில் காலிஃபிளவர் இருக்கும், விட முடியாது, அப்பாவின் வழியில் அவ்வளவு சீக்கிரம் போக எனக்கு ஆசையில்லை. அவர் கிண்ணத்தில் மட்டும் அவருக்கு உரியது இருக்கும். அடுத்த வருஷம் நீங்கள் புது முட்டியோடு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, எவ்வளவு உயரம் என்று கையைக் காட்டினால் போதும்.

முட்டி சீக்கிரம் மடங்கட்டும். குளிர் உங்கள் ஜன்னல் பக்கம் வராமல் போகட்டும். அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம்.

கொழுந்தன்,
சங்பில்

பி.கு. இன்று எங்கள் குடியிருப்பில் பிளாஸ்டிக் குப்பை போடும் நாள். அந்த மூன்று டப்பாவையும் கழுவி, ஓரத்தில் ஒட்டியிருந்த மூடித்தாளை உரிக்கும்போது மூக்குக் கண்ணாடி போட்டிருந்தேன். கடைக்கு ஓடின அன்று போடவில்லை. சோற்றின் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் அரிசி முப்பத்தைந்து சதவீதம், மீதி மாவுச்சத்து இல்லாத கொன்யாக் கிழங்கு என்றும், சர்க்கரை நோயாளிகளுக்கு உகந்தது என்றும் போட்டிருக்கிறது. சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.