மூன்றாவது வாக்கியத்தில் கடல்

"கார்த்திகை மாசம், உச்சி வெயிலில வெள்ளை வான் ஒண்டு வந்து எங்கட வேலிக் கடப்படியில நிண்டது," என்று வினாயகமூர்த்தி கண்களை இறுக மூடிக்கொண்டு சொன்னார். "ரூபன் வெளிய போனான். அப்ப பாத்தா, தென்னமரம் உசரத்துக்குத் தண்ணி!"

"வந்திட்டு," என்றாள் இரத்தினம்மா. அவள் மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வந்திட்டு?"

"கடல்."

வினாயகமூர்த்தி கண்ணைத் திறந்தார். காலையிலிருந்து எத்தனை தரம் சொன்னாலும் மூன்றாவது வாக்கியத்தில் கடல் வந்துவிடுகிறது.

அவர்களுடைய மகன் உதயரூபனைக் கடல் கொண்டுபோகவில்லை. சுனாமியில் கடல் ஊருக்குள் வருவதற்கு ஒரு மாதம் முன்பு, பட்டப்பகலில், ஆட்கள் வந்து கொண்டுபோனார்கள். எந்த ஆட்கள் என்று அந்த நாளில் கல்குடாவில் யாரும் கேட்பதில்லை. கேட்டவர்களைத் தேடியும் அதே ஆட்கள் வருவார்கள்.

பிறகு கடல் வந்தது. அகதி முகாமில் பெயர் பதிந்தவர், "மகன்?" என்று கேட்டார். வினாயகமூர்த்தியின் வாய் தன்பாட்டில், "கடல் கொண்டு போயிட்டு," என்றது. எல்லாச் சோதனைச் சாவடியிலும் செல்லுபடியாகிற சாவு அன்றைக்கு அது ஒன்றுதான்.

அன்றே மனைவியிடம் சொல்லிவிட்டார்: "இனி நீ வாயத் திறக்காத புள்ள. பேசுறத நான் பேசுறன்."

பேசுவது அவருக்குப் புதிதல்ல. அவர் மீனவர் சங்கச் செயலாளர். வாழைச்சேனை தொடங்கிப் பாசிக்குடா வரை எந்தக் கூட்டம் நடந்தாலும் நன்றியுரை அவருடையது. ஒலிபெருக்கிக்காரனுக்கு நன்றி சொல்லும் இடத்தில்கூடச் சபை கலங்கும். அப்பேர்ப்பட்ட வாய்க்குள் போன பொய் எத்தனை நாள் மெலிந்து கிடக்கும்? தொண்டு நிறுவனக்காரர் வரவர அது கொழுத்தது. முதலில் அலை மட்டும்தான் இருந்தது. பிறகு மகன் போட்டிருந்த நீலச் சேட்டு வந்தது. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அழாமல் இருந்துவிட்டதால், அடுத்த முறை மகன் "அப்பா!" என்று மூன்று தரம் கூப்பிட்டான். அவள் அழுதாள். வருடாவருடம் நினைவுதின மேடையில், அவர் பிடித்திருந்த பிடியிலிருந்து மகனுடைய விரல்கள் ஒவ்வொன்றாக நழுவின.

இப்போது சண்டை முடிந்துவிட்டது. காணாமல் போன பிள்ளைகளைப் பற்றி விசாரிக்க ஒரு குழு மட்டக்களப்புக்கு வருகிறது. நடந்ததைச் சரியாகச் சொன்னால் தேடிப் பார்ப்பார்களாம். உயிரோடு எங்காவது ஒரு முகாமில் இருக்கவும் கூடும். ரூபனை ஐந்து வருடங்களாக ஊர் ஊராகச் சாகடித்த வாய், இனி அவனை உயிர்ப்பித்தாக வேண்டும்.

மீன் எடுக்க ஏறாவூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த முத்தலிப்பிடம் வினாயகமூர்த்தி முறையிட்டார்.

"இதென்ன மச்சான் பெரிய வேல? புது போன் நம்பர் வந்தாப்போல எனக்குப் பழைய நம்பர் மறந்திட்டு. அதே மாதிரித்தான். நீ கடல மறந்திரு," என்றார் முத்தலிப். "கடல் எண்டு நினைக்கவே படாது."

சொன்னவர் நின்றது கடற்கரையில். அன்று முழுவதும் வினாயகமூர்த்தி கடலை மட்டுமே நினைத்தார். மாலையில் ஒத்திகை பார்த்தபோது வெள்ளை வான் அலையின் மேலேயே மிதந்து வந்தது.

அடுத்த நாள் சுதாகரனிடம் போனார். சுதாகரன் மூன்றுநாள் பயிற்சியில் உளவள ஆலோசகரானவன். கழுத்தில் தொங்கும் அட்டையை அவன் குளிக்கும்போதும் கழற்றுவதில்லை என்று ஊரில் கதை.

"ஐயா, மூளை எண்டது ஒரு வாசல்," என்றான் சுதாகரன். "ரெண்டு நினைவு ஒண்டா வந்து நிண்டா, ஒண்ட உள்ள எடுத்து மத்தத வெளிய தள்ளிப்போடும். நீங்க எப்பயும் கடலையே உள்ள எடுத்தீங்க. மத்தது தள்ளுப்பட்டுத் தள்ளுப்பட்டுத் தூரப் போயிட்டு."

"கூப்பிட்டா வராதா?"

"வரும். துண்டு துண்டாக் கூப்பிடணும். முதல்ல வானக் கூப்பிடுங்க."

வினாயகமூர்த்தி வானைக் கூப்பிட்டார். பத்துத் தரம், இருபது தரம் சொல்லிப் பார்த்தார். வான் அருமையாக வந்தது. சில்லில் ஒட்டிய சேறுகூடத் தெரிந்தது. ஆனால் வந்தது எத்தனை பேர் என்பது போய்விட்டது. ஆட்களைக் கூப்பிட்டார். மூன்று பேர் வந்தார்கள். அதற்குள் மகன் கடைசியாகச் சொன்னது போய்விட்டது. எதைத் துலக்கினாரோ அதற்குப் பக்கத்தில் இருந்தது மங்கியது.

திரும்ப ஓடிப்போய்ச் சொன்னார். சுதாகரனுக்கு ஒரே சந்தோசம்.

"அப்பிடித்தான் ஐயா நடக்கும்! பயிற்சியில சொன்னவங்க!"

"சொன்னவங்க சரி. இனி என்ன செய்யிற?"

"அது நாலாம் நாள் பாடம் ஐயா. காசு முடிஞ்சிட்டெண்டு நாலாம் நாள் நடக்கல்ல." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "ஒண்டு செய்யுங்க. அண்டைக்கு நிண்ட இடத்திலயே போய் நிண்டு பாருங்க."

வினாயகமூர்த்தி கடப்படியில் நின்று பார்த்தார். கிணற்றடியில் நின்றார். முருங்கைக்குக் கீழே குந்தினார். தோளில் துவாய் போட்டுக்கொண்டும் போடாமலும் பார்த்தார். எந்த இடமும் சரியாக இல்லை.

பக்கத்து வளவுச் சீதேவிப்பிள்ளை வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள். "என்ன மூர்த்தியண்ண, கிணறு வெட்ட இடம் பாக்கிறீங்களோ?"

இரத்தினம்மா குசினிக்குள்ளிருந்து வந்தாள். "இஞ்சேருங்க, நீங்க அண்டைக்கு—"

"குழப்பாத புள்ள! இப்பதான் வந்துகொண்டிருக்கு."

வரவில்லை. வினாயகமூர்த்தி கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தார். மகனுடைய முகத்தையாவது பார்ப்போம் என்று கண்ணை மூடினார். முகம் வந்தது. தலையிலிருந்து உப்புத்தண்ணி ஒழுகியது. தலை நனையாத ரூபனை அவரால் பார்க்கவே முடியவில்லை. ஒலிவாங்கியும் சபையும் இல்லாமல் அவர் அழுதது அதுதான் முதல் தடவை. சத்தம் நன்றாக வரவில்லை.

விசாரணை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. பூச்சாடிக்குப் பின்னால் குழுத் தலைவர் இருந்தார். சுவரோரமாக, படங்களை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார் நிரம்பியிருந்தார்கள். பஸ்ஸில் வரும்போதே வினாயகமூர்த்தி சொல்லியிருந்தார்: "நீ பக்கத்துல இரு. அது போதும்."

பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் உதட்டுக்குள் முணுமுணுத்தபடி எழுந்தார்: "வான். கடப்படி. மூணு பேர்."

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. யாரோ ஒலிவாங்கியைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

முதுகு தானாக நிமிர்ந்தது. "மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, கார்த்திகைத் திங்கள் ஒரு நண்பகற் பொழுதிலே, வெண்ணிற வாகனமொன்று எமது இல்லத்தின் முன்னே வந்து நின்றது. என் அருமை மைந்தன் வெளியே சென்றான்..."

இரத்தினம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

கடல் வந்தது. நீலச் சேட்டு வந்தது. "அப்பா!" மூன்று தரம் கேட்டது. விரல்கள் நழுவின. மண்டபமே தேம்பியது. மொழிபெயர்ப்பாளர் பாதியில் நிறுத்தி மூக்கைச் சிந்தினார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தச் சம்பவத்தை நான் முன்பும் ஒரு நினைவுதின விழாவில் கேட்டிருக்கிறேன். அன்றைக்கும் அழுதேன். ஆனால் இது கடல் அனர்த்தம். எங்கள் குழு அதை விசாரிப்பதில்லை. ஆழ்ந்த அனுதாபங்கள்."

இரத்தினம்மா எழும்பினாள். "ஐயா, நான் ஒண்டு—"

"இரிங்க அம்மா. குடும்பத்துக்கு ஒராள்தான்," என்றார் மொழிபெயர்ப்பாளர். "ஐயா திறமாச் சொல்லிட்டார்."

அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். சாயந்தரமே குழு கொழும்புக்குத் திரும்பிவிட்டது.

வாவிக்கரை பஸ் தரிப்பில் இருவரும் இருந்தார்கள். வாவியில் ஒரு தோணி அசையாமல் நின்றது.

"போட்ட சேட்டின்ட நிறம்கூட எனக்கு வரல்லயே புள்ள," என்றார் வினாயகமூர்த்தி. "நானெல்லாம் ஒரு தகப்பன்."

"பச்ச," என்றாள் இரத்தினம்மா. "மேல் பொத்தான் இல்ல. தைச்சுத் தாறன் எண்டிருந்தன். வந்தது மூணு பேரில்ல, நாலு பேர். ஒருத்தனுக்கு நெத்தியில வெட்டுக் காயம். ரூபன் வானுல ஏறக்குள்ள திரும்பிப் பாத்து, 'சோத்த மூடி வைம்மா, வந்து தின்னுறன்' எண்டான்."

வினாயகமூர்த்தி அவளையே பார்த்தார். ஐந்து வருடத்தில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது இப்போதுதான்.

"உனக்கு எல்லாம் அப்பிடியே இரிக்கு," என்றார். "நானும் அங்கதானே நிண்டன்? எனக்கு மட்டும் ஏன் ஒண்டும் வரல்ல?"

தூரத்தில் பஸ் வருவது தெரிந்தது. இரத்தினம்மா பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

"நீங்க எங்க அங்க நிண்டீங்க? அந்த நேரம் பாசிக்குடாவில நன்றியுரையெல்லோ சொல்லிக்கொண்டிருந்தீங்க."