மாமா படம் போட்ட பின்சக்கரம்

கவரைப்பேட்டை,
ஆகஸ்டு 2008

பெருமதிப்பிற்குரிய சிங்கப்பூர் மாமா சுப்பராயன் அவர்களுக்கு,

மைத்துனன் கோபால் கைகூப்பி எழுதுவது. இங்கே செண்பகம் அக்கா, குழந்தை ஸ்நேகா, நான் எல்லோரும் சுகம். என் சைக்கிள் மட்டும் சுகமில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஞாயிறு காலைகளில் நாங்கள் சோழவரத்திலிருந்து ரேஸ் விடுவது உங்களுக்குத் தெரியும். கடைசியில் கூட ஓட்டும் ஸ்டீவன் என்னை முந்திவிடுகிறான். கால் பலத்தால் அல்ல மாமா, சக்கரத்தால். அவனுடைய ரிம் அகலம், காற்றை விலக்கிக்கொண்டு போகிறது. என் சக்கரத்துக் கம்பிகள் காற்றை மோர் மாதிரி கடைகின்றன. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எல்லாம் படித்துவிட்டேன். கார்பன் சக்கரம் வாங்கும் விலைக்கு மோட்டார் பைக்கே வாங்கலாம். அலுமினியம் அதில் பாதிகூட இல்லை, ஆனால் முக்கால்வாசி வேகம் தருமாம். அந்தக் கால்வாசியை நினைத்துத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் வேலை பார்க்கும் இரும்பு மில்லில் பழுக்கக் காய்ந்த கம்பி ஓடினாலும் எனக்கு ரிம்மாகத்தான் தெரிகிறது.

செலவில்லாமல் முடிக்கப் பார்த்தேன், கோபிக்கக் கூடாது. பொங்கலுக்கு நீங்கள் வருவதாகச் சொன்னதும் தெருமுனையில் உங்கள் படம் போட்டு ஃப்ளெக்ஸ் பேனர் வைத்தோம் அல்லவா? நீங்கள் வராததால் அது பரணில் கிடந்தது. அதை வட்டமாக வெட்டிப் பின்சக்கரத்துக் கம்பிகளை மூடிக் கட்டினேன். வேகம் வந்தது, பொய்யில்லை. டீக்கடை சின்னராசு, "இன்னா கோபாலு, உங்க மாமாவ தலைகீயா சுத்திக்கினு போறியே!" என்று கத்தினார். நான் திரும்பிப் பார்க்க, கன்டெய்னர் லாரி ஒன்று கடக்க, அந்தக் காற்று ஃப்ளெக்ஸில் அடிக்க, நானும் நீங்களும் சேர்ந்தே கால்வாயில் விழுந்தோம். எனக்கு முட்டியில் சிராய்ப்பு, உங்களுக்கு மீசையில் கிழிசல்.

ஆகவே கார்பனே வேண்டும் மாமா. ஒரு ஜோடி பார்சலில் போட்டுவிடுங்கள். அவ்வளவு ஆசையாக இருக்கிறது, வேறெப்படிச் சொல்வது?

உங்களுக்கு நீண்ட ஆயுளும் எனக்கு நல்ல சக்கரமும் அருளும்படி எல்லையம்மனை வேண்டும்,
கோபால்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது பார்க்கிறேன், அக்கா சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் மீசையை ஊசிநூலால் தைத்துக்கொண்டிருக்கிறது. "இன்னாக்கா இது?" என்றேன். "ஒண்ணுமில்லடா. நீ சக்கரத்துல கட்டனதுலேர்ந்து ஸ்நேகா இத்தப் பாத்துதான் அப்பான்னு கூப்ட்டுகினு கீது. கிழிஞ்சி கெடந்தா நல்லாவா இருக்கும்?" என்றது. மேலே எழுதியதை அடித்துவிடுங்கள் மாமா. அலுமினியமே போதும், ஸ்டீவன் முன்னால் போனால் போகட்டும். மிச்சப் பணத்தில் டிக்கெட் எடுத்து, சக்கரத்தை நீங்களே கையில் கொண்டுவாருங்கள். பார்சலில் மட்டும் போடாதீர்கள்.