கடலுக்கு மதகு தேடியவள்

எனக்கு எழுத வராது. அஞ்சாவதோடு சிலேட்டைக் கீழே வைத்தவள். இப்போது ஞாபகமும் முன்னே பின்னே போகிறது. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: ஒரு முழுக் காரைக் கடலுக்குக் காவு கொடுக்கப் பார்த்தவள் நான்.

அறுபதுகளின் கடைசி, கல்யாணமான புதுசு. எங்கள் வீட்டுக்காரர் தருமபுரியில் ஒரு மில் முதலாளிக்கு டிரைவர். முதலாளியின் அம்மாவை (பெரியம்மா என்போம்) வேளாங்கண்ணிக்கு அழைத்துப்போனோம். துணைக்கு நான். மத்தியானம் பெரியம்மா லாட்ஜில் கண்ணயர்ந்ததும், தீவு காட்டுகிறேன் வா என்று வீட்டுக்காரர் என்னைக் காரில் ஏற்றினார். கேட்காமல் எடுத்த கார். ஒரு கீறல் விழுந்தாலும் வேலை போய்விடும். (தெரிந்துதான் ஏறினேன். முன்சீட்டு ஆசை யாரை விட்டது?)

கோடையில், தீவுக்கு நடுவே குறுக்கிடும் உப்பங்கழி வற்றிக் கிடந்ததால் கார் தீவுக்கே போய்விட்டது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கழி, நடுவே நம்ம ஊர் ஏரிக்கரை அகலத்துக்கு மணல், அவ்வளவுதான் தீவு. ஈர மணல் சிமெண்டுத் தரை மாதிரி இருந்தது. இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இரண்டு தடவை ஓட்டினார். கண்டது நாலு பனை, காயும் கருவாடு, எங்களை முறைத்த ஒரு நாய். எனக்கோ சிங்கப்பூர் பார்த்த மாதிரி.

பிறகு தண்ணீர் ஓரமாகக் காரை நிறுத்தி, என்னைக் காவல் வைத்துவிட்டு, தூரத்தில் கிடந்த உடைந்த தோணியைப் பார்க்கக் கிளம்பினார். தண்ணீர் ஏறினால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"மழையா பேயுது, தண்ணி ஏறுறதுக்கு? சும்மா ஒக்காரு."

நியாயம்தான். எங்கள் ஏரி அப்படித்தான்.

கொஞ்ச நேரத்தில் அலை சக்கரத்தைத் தொட்டது. அப்புறம் சக்கரம் மணலில் இறங்கியது. மழையில்லாமல் தண்ணீர் ஏறுகிறது என்றால் ஒரே காரணம்தான். எவனோ மதகைத் திறந்துவிட்டிருக்கிறான்! வீட்டுக்காரரைக் கூப்பிடத் தோன்றவில்லை. மதகைத் தேடி ஓடினேன்.

கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் போய் நின்றேன். (புது ஆளிடம் பேச எனக்கு அரைமணி நேரம் வேண்டும். அதற்குள் பாதிச் சக்கரம் முழுகிவிட்டது.)

"அக்கா, மதகு எங்கங்க இருக்குது? கொஞ்சம் மூடச் சொல்லுங்க."

அவர் கடலைப் பார்த்தார், காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வானத்தைக் காட்டினார்.

"மேல இருக்கு, தங்கச்சி. தொறக்குறதும் மூடுறதும் நெலாதான்."

சொல்லிவிட்டு ஒரு குரல் கொடுத்தார். வலை இழுக்கிறவர்கள் பத்துப் பேர் வந்து, கயிற்றைக் கட்டி, பெரிய மீனை இழுப்பதுபோலக் காரைக் கரைக்கு இழுத்தார்கள். வீட்டுக்காரர் ஓடிவந்த வேகத்தில் கழன்ற ஒற்றைச் செருப்பு இன்னும் அந்தத் தீவில்தான் இருக்கும்.

காரைக் கழுவித் துடைத்து, ஒன்றும் தெரியாதவர்களாக ஊர் திரும்பினோம். தொப்பூரில் டீ குடிக்க நிறுத்தியபோது, சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு நண்டு பெரியம்மாவின் காலடிக்கு நடந்து வந்தது. அவர் என்னைத்தான் பார்த்தார். மதகு வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் டீ முழுவதும் சேலையில்.

வண்டிக்கு அடியில் உப்புப் பூத்திருப்பதைப் பார்த்து முதலாளி சத்தம் போட ஆரம்பித்தார். "நாந்தான்டா தீவு பாக்கணும்னேன்" என்று பெரியம்மா முடித்துவிட்டார். வேலை தப்பியது.

நான் தப்பவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் குழாய் சொட்டினால், பேரப்பிள்ளைகள் "ஆயா, மதகை மூடச் சொல்லு" என்கிறார்கள்.

கார் கறுப்பா பச்சையா, இழுத்தவர்கள் பத்துப் பேரா எட்டுப் பேரா, எதுவும் இப்போது நிச்சயமில்லை. அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் விசாரித்துச் சொல்லுங்கள். அப்படியே அந்தத் தீவின் முனை வரை ஒரு எட்டு நடந்து, மதகு ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.