விதி ஒன்பது: ஞாபகமில்லை என்பது ஏற்கப்படாது

அனுப்புநர்: கோ. மணிவேல், கண்காணிப்பாளர் (ஓய்வு), வேங்கிக்கால்.

பெறுநர்: திரு. கோ. அப்பாசாமி அவர்கள், பூசாரி, அம்மன் கோயில் தெரு, நம்ம ஊர்.

பொருள்: ஏழு வருடமாக நிலுவையில் உள்ள அருள்வாக்கு – புகாரை முடித்து வைத்தல் – தொடர்பாக.

பார்வை: தாங்கள் (அல்லது அம்மன்) ஆடி மூன்றாம் வெள்ளியன்று வாய்மொழியாகச் சொன்னது.

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தம்பி மணிவேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் வள்ளியும் கீர்த்தனாவும் சுகம். அவ்விடம் தங்கள் சுகமும் அண்ணியார் சுகமும் தங்கள் முழங்காலின் சுகமும் அறிய ஆவல். ஏழு வருடமாகப் பேசாதவன் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் சொல்லலாம்தான். தாங்கள் எடுக்க மாட்டீர்கள், எடுத்தாலும் நான் வைத்துவிடுவேன். ஆகவே கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் தபாலில் அனுப்புகிறேன். வரவில்லை என்று பிறகு சொல்ல முடியாது.

நான் ஓய்வு பெற்றுப் பதினான்கு மாதம் ஆகிறது. கலெக்டர் ஆபீஸில் முப்பத்தொரு வருடம் அடுத்தவன் மனுவில் குறை கண்டுபிடித்தவன் வீட்டில் சும்மா இருந்தால் என்ன ஆகும்? வள்ளி வைக்கிற சாம்பாரில் குறை கண்டுபிடித்தேன். மூன்றாவது மாதமே அவள் மகளைக் கூப்பிட்டு, "உங்கப்பனுக்கு ஏதாவது வேல குடுடி, இல்லனா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்"னு சொல்லிவிட்டாள். கீர்த்தனா கொடுத்த வேலைதான் இத்தனைக்கும் காரணம்.

அவளும் அவள் சிநேகிதி த்ரிசலாவும் ஒரு விளையாட்டு உருவாக்குகிறார்கள். கம்ப்யூட்டர் விளையாட்டு இல்லை. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒருத்தர் கதை சொல்ல, மற்றவர்கள் வில்லாளி, மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்து, "நான் இப்போ கதவ ஒடைக்கிறேன்" என்று சொல்லி இருபது முகம் உள்ள பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் கதவு உடையும். சின்ன எண் விழுந்தால் தோள்பட்டை உடையும். எந்த வேஷத்துக்கு என்ன பலம், என்ன பலவீனம், என்னென்ன விதி என்று ஒரு புத்தகம் போட வேண்டும். கீர்த்தனா கதை சொல்பவள், த்ரிசலா படம் வரைபவள். ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து இஞ்சி டீ குடிக்கிற ஒரு கடையின் மொட்டைமாடியில், ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆடிப் பார்ப்பார்கள்.

"ப்பா, எல்லா வேஷமும் முடிஞ்சுது. ஷாமன் ஒண்ணுதான் பாக்கி. ஆவிங்களோட பேசுறவன், சாமி வந்து வாக்கு சொல்றவன். நம்ம பெரியப்பா மாதிரி. நீ எழுதுறியா?" என்றாள்.

நம்ம பெரியப்பா மாதிரி என்று அவள் சொன்னதால்தான் ஒத்துக்கொண்டேன். தங்களை விதிக்குள் அடைக்க இன்னொரு சந்தர்ப்பம் எனக்குக் கிடைக்காது.

மூன்று வாரம் உட்கார்ந்து இருபத்திரண்டு விதி எழுதினேன். விதி இரண்டு: சாமியாடிக்கு நடக்கும் பலம் மூன்று, பம்பைச் சத்தம் கேட்டால் மட்டும் பதினெட்டு. முழங்கால் வலி என்று ரேஷன் கடைக்குப் பொண்டாட்டியை அனுப்புகிறவர், ஆடி மாசம் மட்டும் மூணு ஆள் பிடிச்சாலும் நிக்காம குதிக்கிறதை நான் கண்ணால் பார்த்தவன். விதி ஐந்து: அருள் வர விரும்பும் சாமியாடி, மூன்று ஆட்டத்துக்கு முன்பே எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். விதி ஆறு: தம்பி முறை உள்ளவர்களைப் பற்றி வாக்கு சொல்ல இரண்டு சாட்சி தேவை. விதி ஒன்பது: அருள் நிலையில் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் மலையேறிய பின் சாமியாடியே பொறுப்பு. ஞாபகமில்லை என்பது ஏற்கப்படாது.

விதி ஒன்பது எங்கிருந்து வந்தது என்று தங்களுக்குத் தெரியாதா? அம்மா செத்த நாலாவது மாதம், ஆடி மூன்றாம் வெள்ளி. கூழ் வாங்க ஊரே நிற்கிறது. கோயில் பெருமையைக் காட்ட ஆபீஸிலிருந்து இரண்டு பேரை நான்தான் கூட்டி வந்திருந்தேன், புத்தி கெட்டுப்போய். வேப்பிலையோடு என் முன்னால் வந்து நின்று, "பெத்தவ மூணு நாளு உம்பேரச் சொல்லி வாசலையே பாத்துகினு கெடந்தா. நீ எலெக்‌ஷன் டூட்டினு ஃபைல் பாத்துகினு இருந்த. கொள்ளி வெக்க மட்டும் கார்ல வந்து எறங்கினியேடா"னு கேட்டீங்க. நான் என்ன செய்ய? "ஆமா தாயே, தப்பு தாயே"னு கன்னத்தில் போட்டுகினு நின்றேன். கூடப் பிறந்தவனை எதிர்த்துப் பேசலாம். தாயேன்னு கும்பிட்டவளை எப்படி எதிர்த்துப் பேசுவது?

மறுநாள் காலையில் வந்து கேட்டேன். நீங்கள் பல் துலக்கிக்கொண்டே, "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லடா. ஆத்தா சொல்லியிருப்பா"ன்னீங்க. சொன்னவளைக் கேட்க முடியாது, கேட்க முடிந்தவருக்கு ஞாபகம் இல்லை. நான் யாரிடம் போய் அப்பீல் பண்ணுவது? அன்றைக்கு இறங்கிய வாசலை இன்று வரை மிதிக்கவில்லை.

போகட்டும். விதிகளைப் படித்துவிட்டு த்ரிசலா என்ன சொன்னாள் தெரியுமா? "அங்கிள், இது சாமியாடியா, மெமோ வாங்கின கிளார்க்கா? இத யாரு எடுத்து ஆடுவாங்க?" எனக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வயசுப் பெண், என் முப்பத்தொரு வருட சர்வீஸை ஒரே வரியில் முடித்துவிட்டாள். "நானே ஆடுறேம்மா"ன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆடினோம். அன்றைக்கென்று பார்த்து த்ரிசலாவின் அப்பா ஜம்புகுமார் வந்திருந்தார். ஜைனர், கிழங்கு வகை எதையும் தொடாதவர், மரியாதையான விவசாயி. டவுனில் மல்லாட்டை விற்றுவிட்டு, மெட்ராஸிலிருந்து லீவுக்கு வருகிற மகள் இங்கே என்னதான் செய்கிறாள் என்று பார்க்க மாடி ஏறியவர், இஞ்சி வேண்டாம் என்று சொல்லி வெறும் பால் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். கதையில் எங்கள் கூட்டம் ஒரு மலைக் கணவாயில் மாட்டிக்கொண்டது. வில்லாளி வேஷம் போட்ட த்ரிசலா கைகூப்பி, "சாமி, ரெண்டு வழி இருக்குது. நான் எந்த வழியில போகட்டும்?" என்று கேட்டாள். நான் பகடையை உருட்டினேன். இருபது! எல்லாரும் கைதட்டினார்கள். கீர்த்தனா போனில் உடுக்கைச் சத்தம் போட்டாள். நான் எழுந்து நின்றேன்.

"வழியா கேக்குற? அப்பனுக்குத் தெரியாம மெட்ராஸ் வேலய வுட்டுட்டு ஆறு மாசமா இங்க பொம்மை வரைஞ்சிகினு இருக்கியே, அந்த வழிய மொதல்ல அப்பன்கிட்ட சொல்லு!"

இது கீர்த்தனா கூடத்தில் போன் பேசும்போது என் காதில் விழுந்த விஷயம். ஜம்புகுமார் டம்ளரைக் கீழே வைத்தார். "வேலய வுட்டுட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டார். அவர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். அவளும் பின்னாலேயே போய்விட்டாள்.

மறுநாள் காலை த்ரிசலா, தான் வரைந்த படங்களைக் கொடுத்துவிட்டுப் போக வீட்டுக்கு வந்தாள். நான் தோட்டத்துக் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். "நானே இந்த மாசம் சொல்லலாம்னு இருந்தேன் அங்கிள். ஏன் அத்தன பேரு முன்னாடி சொன்னீங்க?" என்று கேட்டாள். கண் வீங்கியிருந்தது. வாய் நிறைய நுரையோடு, "எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லம்மா, ஏதோ வேகத்துல வந்துடுச்சு" என்றேன். சொல்லி முடித்ததும்தான், இதை எங்கே கேட்டோம் என்று உறைத்தது. அவள் "சரிங்க அங்கிள்" என்று படங்களைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனாள். மேலே இருந்தது சாமியாடி படம். அசல் உங்க மூஞ்சி அண்ணே. அவ உங்களப் பாத்ததே இல்ல. என்னப் பாத்துதான் வரைஞ்சிருக்கா.

கீர்த்தனா ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "ப்பா, விதி ஒம்போது" என்றாள். அதற்கப்புறம் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

ஆகவே, அருள் வேகத்தில் சொன்னது எனக்கே ஞாபகமில்லாமல் போன காரணத்தால், அன்று தங்களுக்கும் ஞாபகமில்லாமல் போயிருக்கலாம் என்று ஏற்று, தங்கள் மீதான என் புகாரை இதன் மூலம் வாபஸ் பெறுகிறேன். விதி ஒன்பது புத்தகத்திலிருந்து நீக்கப்படுகிறது. ஆடிக்கு நான் வருவதாக இல்லை. அழைப்பு அனுப்ப வேண்டாம். ஃபைல் இத்துடன் மூடப்படுகிறது.

அண்ணியாருக்கு என் நமஸ்காரம். முழங்காலுக்கு எண்ணெய் போடவும், குளிர்ந்த தண்ணீரில் குளிக்க வேண்டாம். அம்மனுக்கு என் பெயரில் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கவும். எல்லாரையும் ஆத்தா நல்லபடியாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள தம்பி,
கோ. மணிவேல்.

பின்குறிப்பு: அண்ணே, கவரை ஒட்டிட்டுத் திரும்பக் கிழிச்சி எழுதறேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்துது. ஒரு வார்த்தை வுடாம. இருபது வுழுந்தப்ப எம்மேல எந்தச் சாமியும் வரல, கிளார்க்குனு சொன்னாளேங்கற கோவந்தான் வந்துது. காலைல அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாக்க முடியாமதான் ஞாபகம் இல்லன்னேன். அப்படினா உனக்கும் ஞாபகம் இருந்திருக்குது. ஆத்தா இல்ல, நீதான் சொன்ன. சொன்னதும் நெஜம்தான். எலெக்‌ஷன் டூட்டிக்கு எனக்குப் பதிலா வேற ஆளப் போட்டு ரெண்டாம் நாளே என்னைப் போவச் சொல்லிட்டாங்க. அம்மாவ அந்தக் கோலத்துல பாக்க பயந்துகினு நான்தான் ஃபைல அடுக்கிகினு ஒக்காந்திருந்தேன். இத ஆத்தாகிட்ட சொல்ல முடியாது. உன்கிட்ட சொல்லலாம். இன்னிக்கு சாயங்காலம் ஜம்புகுமார் வீட்டுக்குப் போறேன், அந்தப் பொண்ணுகிட்டயும் அவருகிட்டயும் மன்னிப்பு கேக்க. ஆடி மூணாம் வெள்ளி ஊருக்கு வரேன். பம்பை அடிக்கறதுக்கு முன்னாடியே வந்துடுவேன். நீ நீயா இருக்கறப்ப உன்கூட சண்ட போடணும். விதி ஒம்போத நீக்கல.