அப்பா ஒரு கட்சி, அம்மா ஒரு கட்சி

“அந்த அம்மா ஒரே உதையில நாலு பேரைச் சாய்க்கிறாங்களே, எங்க கத்துக்கிட்டாங்க?” என்று கேட்டார் தயாரிப்பாளர்.

கதாசிரியர் அதை யோசிக்கவே இல்லை. அப்பாவும் அம்மாவும் உளவாளிகள், பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு குடும்பப் படத்துக்கு இது போதாதா என்று நிம்மதியாக இருந்துவிட்டார். ஏற்கெனவே மூன்று முறை கதை திரும்பி வந்தாயிற்று. இன்றும் தேறாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். மேல் மாடிக் கம்பெனியும் ஒரு உளவாளிக் குடும்பத்தைப் படமெடுக்கப் போவதாகப் பேச்சு வேறு.

“அநாதை விடுதியில வளர்ந்தவங்க சார். அங்கேயே பயிற்சி கொடுத்துட்டாங்க.”

“அப்ப அஞ்சாவது சீன்ல வர்ற அவங்க அப்பா யாரு?”

“அவரும் உளவாளிதான் சார். அப்பா மாதிரி நடிக்கிறார்.”

மூலையில் இருந்த டைப்பிஸ்ட் அம்மா, மறுபேச்சில்லாமல் தாத்தாவையும் உளவாளியாக அடித்து முடித்தார். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர். யார் கதை எப்படிப் போனாலும் அவருக்கு ஒன்றுதான்.

“நடிக்கிறவர் எதுக்குய்யா இடைவேளையில தனியா உட்கார்ந்து அழறார்?”

“அவர் எதிரி நாட்டுக்கு வேலை பாக்கிறார் சார். மனசாட்சி உறுத்துது.”

“அம்மா?”

“அவங்களும் எதிரி நாடு.”

“அப்பா?”

“நம்ம நாடு.”

“பிள்ளைங்க?”

“இன்னும் முடிவு பண்ணல சார்.”

தயாரிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஆள் மாறப்போகிறது என்று அர்த்தம்.

“பன்னிரண்டு வருஷமா ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேஜை. பொண்டாட்டி எதிராளிக்கு வேலை பாக்குறது புருஷனுக்குத் தெரியாதா? எந்த மடையன்யா அப்படி இருப்பான்?”

கதையிலேயே கதாசிரியருக்கு ரொம்பப் பிடித்த இடம் அதுதான். ஆனாலும் பிழைப்பு பெரிதில்லையா? மனதைக் கல்லாக்கிக்கொண்டு கட்சி மாறினார்.

“நியாயம்தான் சார். அவ்வளவு மக்கு எந்த வீட்லயும் இருக்க மாட்டான். அதைத் தூக்கிடறேன்.”

டைப் சத்தம் நின்றது. டைப்பிஸ்ட் அம்மா தயாரிப்பாளர் பக்கம் திரும்பினார்.

“அதெல்லாம் தாராளமா நம்பலாம் சார். மேல் மாடிக் கம்பெனிக்கு அந்த உளவாளிக் கதைய எழுதறதே இவர் வீட்டம்மாதான். ஆறு மாசமா அங்கேயும் நான்தான் டைப் அடிக்கிறேன், இவருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல.”