மில்லைக் கொண்டாங்க!

மில்லு மாமாவிடம் வரலாறு கேட்டுத் தெளிவாகத் திரும்பியவர் இந்த உலகத்தில் ஒருவர்கூட இல்லை. நான் பள்ளிக்கூட வாத்தியார்; நானே இன்னும் குழம்பித்தான் இருக்கிறேன்.

பூண்டுலோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே, ஓடையோரமாக ஒரு பாழடைந்த கட்டடம், அதில் பெரிய தண்ணீர்ச் சக்கரம். "இது பஞ்சு மில்லு. ஓடைத் தண்ணியிலதான் ஓடுச்சு" என்பார் மாமா. தேயிலையும் லீக்ஸும் விளைகிற குளிரில் பஞ்சு ஏது? திங்கட்கிழமை கேட்டால் கப்பலில் வந்தது, புதன்கிழமை கேட்டால் கழுதைமேல் வந்தது. அவருடைய அப்பா அங்கே நூல் சுற்றினார் என்பது மட்டும் மாறாது.

போன வருடம் அதை இடித்துவிட்டு லொறி நிறுத்தப் போவதாகத் தோட்ட நிர்வாகத்தில் சொன்னார்கள். மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. பழைய மில் என்று காட்டினால் விட்டுவிடுவார்களாம். பார்க்க நுவரெலியாவிலிருந்து ஓர் அதிகாரி வருவாராம். ஆனால் அந்தச் சக்கரத்தைத் தவிர உள்ளே ஓர் ஆணிகூட இல்லை. மில்லை எப்போதோ நாங்களே பிரித்து வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தோம்.

அவர் வருகிற அன்று காலை லயத்து வாசலில் நின்று மாமா கத்தினார்: "எல்லாரும் மில்லைக் கொண்டாங்க!"

அடுப்படிகளிலிருந்து நூல்கட்டைகள் வந்தன. கோழிக்கூட்டுக்கு முட்டுக்கொடுத்த பல்சக்கரம் வந்தது. உற்சாகத்தில் யாரோ பஸ் ஸ்டியரிங்கையும் கொண்டுவந்தார்கள். என் மனைவி மட்டும், பருப்பு கடையும் நூல்கட்டையை விடவில்லை.

"அடுப்புல பருப்பு கொதிக்குதுங்க மாமா!"

"ஒரு மணி நேரம் குடு தாயி."

அதிகாரி வந்ததும் அந்தக் கட்டையைத்தான் எடுத்து மோந்து பார்த்தார். அவருக்குத் தமிழ் வராது. சிங்களத்தில் என்னிடம் கேட்டார்.

"பூண்டு வாசம் வருதாம் மாமா."

"மில்லுல பூண்டும் அரைச்சாங்கன்னு சொல்லு மாப்ள."

"ஸ்டியரிங் எதுக்காம்?"

"மில்லைத் திருப்பத்தான்."

இரண்டையும் அப்படியே சொல்லித் தொலைத்தேன். அதிகாரி குறிப்புப் புத்தகத்தை மூடினார்.

மாமா கட்டையை வாங்கி வேட்டி முனையால் தேய்த்தார். பருப்புக் கறைக்கு அடியில், நூல் ஓடி ஓடி அறுத்த கோடுகள் தெரிந்தன. "எங்கப்பா இப்படித்தான் சுத்துவாரு மாத்தயா" என்று அதிகாரியிடம், இல்லாத நூலைச் சுற்றிக் காட்டினார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அதிகாரியும் கேட்கவில்லை. மூடிய புத்தகத்தைத் திறந்து, இடிக்க வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போனார்.

கட்டடம் இன்றும் நிற்கிறது. மாமா தினமும் அந்தக் கட்டையோடு அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறார். எங்கள் வீட்டில் கரண்டியால்தான் பருப்பு கடைகிறோம். கட்டையை என் மனைவி கேட்டால், "இன்னும் ஒரு மணி நேரம் தாயி" என்கிறார்.

அந்த ஒரு மணி நேரம் முடியவே கூடாது என்றிருக்கிறது எனக்கு.